கெட் டீச்சரின் வகுப்பு

தையல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆங்கில வகுப்பு. வாசலில் தொங்கிய போர்டை யாரும் படித்ததில்லை. "கெட் டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் படியேறுவார்கள். ஆங்கிலத்தில் 'கெட்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறதே, அது எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடும். வேலை கிடைப்பதும் கெட், கோபம் வருவதும் கெட், கல்யாணம் ஆவதும் கெட், காய்ச்சல் குணமாவதும் கெட். பட்டம் வாங்கியவர்களே அதனிடம் முழி பிதுங்கி நிற்பார்கள். டீச்சர் மட்டும் அதை மடியில் போட்டுக் கொஞ்சுவார்.

கரும்பலகையைத் தொடமாட்டார். எல்லாமே நடிப்புதான். நாற்காலி கார், பெஞ்ச் பஸ். "தலையைக் குனிஞ்சு ஏறினா கெட் இன். நிமிர்ந்துக்கிட்டே ஏறினா கெட் ஆன். அவ்வளவுதான், பயப்படாதீங்க!" என்று ஏறி இறங்கிக் காட்டுவார். யாராவது ஒரு மாணவரின் பேனாவை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல வகுப்பைச் சுற்றி வருவார். தப்பு செய்துவிட்டு மாட்டாமல் போவதற்கும் கெட் வேண்டுமாம், 'கெட் அவே வித்'. 'கெட் அப்' சொல்லும்போது மட்டும் மேஜையைப் பிடித்து, "அம்மாடி" என்று முனகிக்கொண்டே எழுவார். அது பாடமில்லை, முழங்கால் வலி. ஆனால் பாதிப் பேர் அதையும் சேர்த்தே பழகிவிட்டார்கள். வேலைக்கான நேர்காணலில் ஒருத்தர் "கெட் அப், அம்மாடி" என்று சொல்லிவிட்டு வந்த கதையைக் கேட்டு டீச்சரே வயிறு வலிக்கச் சிரித்தார்.

கணவர் இறந்த பிறகு இந்தச் சொல்லை வைத்துத்தான் அவர் மகளை வளர்த்தார். சேர்க்கை, வாடகை போன்ற வெளிவேலையெல்லாம் தம்பி பொறுப்பு. "பாதுகாப்புக்குக்கா" என்று அவன் வகுப்பில் கேமரா மாட்டியபோது ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டதே டீச்சர்தான். வெகுளி என்று சொல்லுங்கள், தப்பில்லை. மகள் படிப்பை முடித்ததும் வகுப்பை அவள் கையில் கொடுக்க வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஒரு சாயங்காலம் கீழே தையல்காரர் போனை நீட்டினார். "என்ன டீச்சர், நம்ம பொண்ணு கலக்குறா, ஒரு வார்த்தை சொல்லலையே!"

திரையில் மகள், ஏதோ வீடியோவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பளபளவென்று ஓர் அறை. நாற்காலி கார், பெஞ்ச் பஸ். தலையைக் குனிந்து ஏறினால் கெட் இன். இடுப்பில் பேனா. ஒரு சொல் மாறவில்லை. பிறகு 'கெட் அப்' வந்தது. முழங்காலில் ஒரு குறையுமில்லாத பெண், மேஜையைப் பிடித்து முகத்தைச் சுளித்து, "அம்மாடி" என்றாள். பின்னால் சிரிப்புச் சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள். தையல்காரரும் சிரித்தார். டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குழந்தைக்கு என்ன தெரியும், எல்லாம் அந்தப் பாவி வேலை என்று நேரே தம்பியிடம் போனார்.

"அடிமடியிலயே கை வச்சுட்டியேடா!"

"கெட் என்ன, நம்ம அப்பா எழுதி வச்ச சொத்தாக்கா? ஊர் உலகமே பேசுற சொல்லு."

"சொல்லு உலகத்துது. பாடம் என்னுது. இதுக்குத்தான் கேமரா மாட்டினியா? பச்சைப் புள்ளையையும் சேர்த்துக் கெடுத்து வச்சிருக்க!"

ஒன்று கேட்டால் ஒன்பது பேசுகிறவன், இதற்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "அவகிட்டயே கேட்டுக்கோக்கா."

வீட்டுக்கு வந்த மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் டீச்சர் பிடித்துக்கொண்டார். "உன் மாமன் என்னடி சொல்லி உன்னை மடக்கினான்?"

"மாமாவைத் திட்டாதம்மா. வீடியோ எடுத்துப் போடலாம்னு அவர்கிட்ட போய்க் கேட்டதே நான்தான். உன் பாடத்தைப் பதிவு பண்ண கேமரா மாட்டச் சொன்னதும் நான்தான்."

டீச்சர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "அந்த அம்மாடி?"

"அதுக்குத்தான்மா நிறைய பேர் பாக்குறாங்க."

"என் வலிடி அது." அதற்கு மேல் திட்டத்தான் நினைத்தார். கெஞ்சலாகத்தான் வந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொத்தத்தையும் உனக்கே தூக்கிக் குடுத்திருப்பேனே. வேற யாருக்காக வச்சிருந்தேன்?"

"தெரியும்மா" என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை. "ஆனா கேட்டா, நீயும் என் பக்கத்துல வந்து நிப்ப. அப்புறம் எல்லாரும் உன்னைத்தான் பாப்பாங்க."

டீச்சருக்கு அழுகை வரவில்லை. தம்பி மேல் இருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.