லூர்துநாதனின் வருடாந்திர ராஜினாமா

லூர்துநாதன் ஆண்டுக்கு ஒருமுறை ராஜினாமா செய்வார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்திலேயே தொழிற்சங்க மேடைகளில் பேசிப் பழகியவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே நாலைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'வெள்ளாறு மக்கள் உரிமை மையம்' என்று ஒன்றைத் தொடங்கினார். தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். செங்கல் சூளைகளில் பிடித்து வைத்திருக்கும் குடும்பங்களை மீட்பது, போலீஸ் கூட்டிப்போன ஆளை வீட்டார் பார்க்க வழிசெய்வது, இதெல்லாம் மையத்தின் வேலை. வேலை நன்றாகவே நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கே போனாலும் தலைவர் முதலில் தன்னைப் பற்றிச் சொல்லி முடிப்பார், அதற்குப் பிறகுதான் வேலை நடக்கும், அவ்வளவுதான்.

ராஜினாமாவுக்கு ஒரு முறை உண்டு. ஆண்டுப் பொதுக்குழுவில் அறிக்கை வாசித்து முடிந்ததும், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அவர் எழுந்திருப்பார். "எனக்கும் வயசாயிடுச்சு. முட்டி முன்ன மாதிரி இல்ல. இளரத்தம் வரட்டும், நான் வெலகிக்கிறேன்" என்று சொல்லி மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணாடி கழன்ற மாத்திரத்தில் துணைத் தலைவர் காத்தவராயன் துள்ளி எழுவார். சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருப்பவர், குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். "அண்ணே, அந்தப் பேச்சே வேணாம்! நீங்க இல்லாத மையம் ஒரு மையமா?" என்று அவர் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள். லூர்துநாதன் ரொம்பவும் பிகு பண்ணிக்கொண்டு, கடைசியில் "உங்க அன்புக்குக் கட்டுப்படுறேன்" என்று உட்கார்ந்துவிடுவார். பிறகு பந்தி.

இந்த ஆண்டுக் கூட்டம் சிதம்பரத்தில், மேல வீதிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில். காலையில் கிளம்பும்போதே அவர் மனைவி வியாகுலமேரி, "ஏங்க, ராஜினாமா பண்ணிட்டு வரும்போது அப்பிடியே கத்திரிக்கா கொத்சு கொஞ்சம் வாங்கியாங்க" என்றாள். அவர் முறைத்தார். அவருக்காக ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் நடிக்கவில்லை. எழுந்து நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் அவருக்கு நெஞ்சு நிஜமாகவே கனத்தது. விலகும் எண்ணம்தான் இருந்ததில்லை.

மண்டபத்தில் காத்தவராயன் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வாய் நிறையப் பஞ்சு, சாயங்காலம் வரை பேசக்கூடாது என்று டாக்டரின் உத்தரவு. லூர்துநாதன் அவர் தோளைத் தட்டி, "கிராம்புத் தைலம் வெச்சுப் பாத்திருக்கலாமே" என்று கரிசனமாகக் கேட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். அந்தப் பஞ்சினால் தனக்கு என்ன வரப்போகிறது என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

அறிக்கை முடிந்தது. அவர் எழுந்தார், முட்டியைச் சொன்னார், இளரத்தத்தைச் சொன்னார், கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் கையை வைத்துக்கொண்டு எல்லோரும் காத்தவராயனைப் பார்த்தார்கள். லூர்துநாதன் கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். காத்தவராயன் "ம்ம்ம்" என்று முனகியபடி வலது கையை உயரத் தூக்கினார்.

அப்போதுதான் சிந்துஜா எழுந்தாள். சிதம்பரம் கோர்ட்டில் வக்கீல். போன ஆண்டு குழுவில் சேர்ந்த அன்றே பெரியவர் கண் கலங்கியதைப் பார்த்து மனசு கேட்காமல் ஓராண்டு தவித்தவள்.

"ஒருத்தர் வருஷா வருஷம் என்னை விட்டுடுங்கன்னு கேக்குறாரு. நாம விட மாட்டேங்குறோம். இதையே ஒரு சூளைக்காரர் செஞ்சா அதுக்கு நாம என்ன பேரு வைப்போம்?"

பின்வரிசையிலிருந்து யாரோ மெதுவாக, "கொத்தடிமை" என்றார்கள்.

"அதான். சாரோட விருப்பத்த மதிச்சு ராஜினாமாவ ஏத்துக்கலாம்னு நான் முன்மொழியறேன். துணைத் தலைவர் ஏற்கெனவே கை தூக்கிட்டாரு. அவர் வழிமொழியறாரு."

காத்தவராயனே கை தூக்கியிருக்கிறார் என்றால் இது இரண்டு பேரும் பேசி வைத்ததாகத்தான் இருக்கும் என்று சபை முடிவு செய்தது. எல்லாக் கைகளும் மேலே போயின. கைதட்டல் அடங்குவதற்குள் சிந்துஜா ஓடிப்போய் ஒரு பொன்னாடை வாங்கிவந்து போர்த்தியும் விட்டாள், கண்ணீரோடு. அடுத்த தலைவர் யார் என்று கேட்டதும் பல பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். கிள்ளையைச் சேர்ந்த தமிழ்ச்செல்வி, மையத்தின் செயலாளர், வெயிலிலும் மழையிலும் சூளை சூளையாக அலைகிறவள். அவள் சாம்பார் வாளிகளை எண்ணிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கூட்டிவந்து தலைவராக்கினார்கள். கொத்சு அன்று பிரமாதமாக இருந்ததாம். லூர்துநாதனுக்கு ருசி தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் பொன்னாடையோடு வந்து நின்றவரைப் பார்த்து வியாகுலமேரி, "இது எதுக்கு?" என்றாள்.

"ஏத்துக்கிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பதவி போனதுகூடப் பெரிதில்லை என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது பொய். பதவி போனதும் பெரிதுதான். ஆனால் அதைவிட ஒன்று உள்ளே அரித்தது. இத்தனை ஆண்டுகளாகப் போக வேண்டாம் என்று அவர்கள் தடுத்தது பிரியத்தினாலா, வெறும் பழக்கத்தினாலா? தலைவர் என்ற சொல்லை எடுத்துவிட்டால் லூர்துநாதன் என்று ஒரு ஆள் மிச்சம் இருக்கிறாரா? இது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பார். சிலிண்டர் கம்பெனிக்காரனாக இருப்பான்.

கன்னத்து வீக்கம் வடிந்ததும் காத்தவராயன் கடலூருக்கு வந்தார். டீ வந்தது. லூர்துநாதன் சுற்றி வளைக்கவில்லை.

"கைய எதுக்குய்யா தூக்குன?"

"தடுக்கத்தாண்ணே. சாமி சத்தியமா."

"வழிமொழியறாருன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப எறக்கியிருக்கலாம்ல?"

காத்தவராயன் டீயை ஊதி ஊதிக் குடித்தார். "எறக்கியிருக்கலாம்."

"ஏன் எறக்கல?"

"வருஷா வருஷம் நீங்க போறேம்பீங்க, நான் வேணாம்னு கத்துவேன். யோசிக்கவே நேரம் இருக்காது. அன்னிக்கு வாயில பஞ்சு. சும்மா ஒக்காந்து யோசிச்சேன். தமிழ்ச்செல்வி நல்லாப் பண்ணும்னு தோணுச்சு. கைய அப்பிடியே வுட்டுட்டேன். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லண்ணே."

"பல்லு புடுங்குன டாக்டருக்கும் ஒரு பொன்னாடை போட்டிருக்கலாம்" என்றாள் அடுப்படியிலிருந்து வியாகுலமேரி.

லூர்துநாதன் சிரிக்கவில்லை. காத்தவராயன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, அதுதான் ஜாஸ்தி வலித்தது.

ஒரு நாள் முற்பகலில் தமிழ்ச்செல்வி போன் செய்தாள். "ஐயா, நான் குமராட்சிப் பக்கம் ஒரு சூளையில இருக்கேன். தாசில்தார் வந்திருக்காரு, நகர முடியாது. அங்க கடலூர்ல அன்பரசுன்னு ஒரு லோடுமேனக் காலையில ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. எதுக்குன்னு வீட்டுல சொல்லல. அவரு சம்சாரம் வாசல்லியே நிக்குது. நீங்க போறீங்களா?"

"நான் என்னன்னு சொல்லிக்கிட்டுப் போறது?"

"லூர்துநாதன்னு சொல்லிக்கிட்டுப் போங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முன்பெல்லாம் காவல் நிலையத்தில் நுழைந்ததும் விசிட்டிங் கார்டை நீட்டுவார். தொழிற்சங்கக் காலம், மையம் பிறந்த கதை, தனக்குத் தெரிந்த கலெக்டர்கள் என்று வரிசையாகச் சொல்லி, வந்த விஷயத்துக்கு வருவதற்குள் இன்ஸ்பெக்டருக்குக் கொட்டாவி வந்துவிடும். இன்று மேசைக்கு முன்னால் போய் நின்று பெயரை மட்டும் சொன்னார்.

"எந்த லூர்துநாதன்?" என்றார் இளவயது எஸ்.ஐ., தலையை நிமிர்த்தாமலே.

லூர்துநாதன் வாயைத் திறந்தார். பெயரோடு சேர்த்துச் சொல்ல இப்போது பதவி இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அன்பரசுவ எதுக்குக் கூட்டியாந்தீங்கன்னு அவரு சம்சாரத்துக்குத் தெரியல. அதச் சொல்லணும் இல்லீங்களா? அந்தம்மா பயந்து போய் நிக்குது."

எஸ்.ஐ. நிமிர்ந்தார். குடோனில் ஏதோ அடிதடி, அங்கே இருந்தவர்களை விசாரிக்கிறோம், முடிந்ததும் அனுப்பிவிடுவோம் என்றார்.

"அத அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஆளையும் ஒரு தடவ பாக்க வுடுங்க. முடியிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அந்தப் பெண்ணை உள்ளே விட்டார்கள். லூர்துநாதன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் அவருக்கு டீ சொல்லவில்லை. பசித்தது, எழுந்து போகவில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே அன்பரசு வெளியே வந்தார். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லூர்துநாதனிடம் வந்தாள்.

"காலையிலேருந்து எங்களுக்காக ஒக்காந்திருக்கீங்க. நீங்கதான் தலைவருங்களா?"

"இல்லம்மா. அவுங்க குமராட்சியில இருக்காங்க. இருங்க, சொல்லிடுறேன், கவலையா இருப்பாங்க."

போனை எடுத்து அழைத்தார். அந்தப் பக்கம் எடுத்ததும், "தலைவரே, ஆள வுட்டுட்டாங்க" என்றார்.

"ஐயா... தலைவரேன்னு என்னையா சொன்னீங்க?"

"வேற யார?" என்றார் லூர்துநாதன்.