அக்கா சொன்ன பயன்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்து நான்கு தடவை தாளைக் கிழித்துவிட்டேன். அச்சகக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அக்கா வடமராட்சியில் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு அவரைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்துவிட்டார்கள். அம்மா காலமானதும், பரந்தனுக்கு அப்பால் குடியேற்றத் திட்டத்தில் ஐயாவுக்குக் காணி கிடைத்தது. காடு வெட்டியதில் பாதி அக்காவின் கை. மலேரியாவில் நடுங்கிக்கொண்டும் எங்களுக்குச் சமைத்துப் போட்டார். என்னை ஆசிரியனாக்கியவரும் அவர்தான். ஆனால் என் புத்தகங்களை என்னைவிட ஒழுங்காகப் படித்தவர் அவர் என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

எங்கள் அம்மன் கோயிலில் புராணப் படிப்பு தொடங்கியபோது, ஒருவர் செய்யுளைப் பாட, அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. வாத்தியார் அல்லவா! காலையில் குசினி அடுப்படியில் அக்கா சுளகில் அரிசி புடைத்தபடி பொருள் சொல்வார். பகல் பூசைக்குப் பிறகு அதையே நான் கோயிலில் ஒப்புவிப்பேன். ஊரார் தலையாட்டுவார்கள்.

ஒருநாள் அம்மனை ஞானமென்று போற்றும் செய்யுள் வந்தது. தர்மகர்த்தா இடைமறித்தார்.

“தம்பி, அம்மன் சிவனுக்குப் பெண்சாதிதானே. அவவை ஏன் ஞானம் எண்டு பாடியிருக்கு?”

குசினியில் இந்தக் கேள்வி வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“வெளிச்சம் இல்லாட்டி விளக்கை ஆர் காணுறது ஐயா? சிவனை அறியிற அறிவே அம்மன்தான். அவவை விட்டிட்டு ஆர் அவரைக் கண்டது?”

தர்மகர்த்தா திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளை, உமக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?”

அக்கா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “நான்தான் ஐயா சொல்லிக் குடுத்தனான்.”

எல்லாரும் என்னை மெச்சினார்கள். மறுநாள் காலை வழக்கம்போலப் புத்தகத்தோடு குசினிக்குப் போனேன். அவர் சுளகைக் கீழே வைக்காமலே சொன்னார்: “நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தனி. போய்ச் சொல்லன்.”

அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒரு செய்யுளுக்கும் பொருள் சொல்லவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன். அவர் மசியவில்லை. பழைய சரக்கையே திருப்பித் திருப்பிச் சொல்லி எப்படியோ ஒப்பேற்றினேன். ஆனால் அயல் பெண்கள் வந்தால் அடுப்படியில் மணிக்கணக்காக அம்மனைப் பற்றிய கதை நடக்கும். நான் உள்ளே போனால் நின்றுவிடும். கடைசிக் காய்ச்சலிலும் அவர் என்னோடு அன்பாகத்தான் இருந்தார், செய்யுளைப் பற்றி மட்டும் பேசவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று ஒருவர் என் கையைப் பிடித்து, “நீர் படிப்பிச்சதாலதான் அவா அவ்வளவு அறிஞ்சவா” என்றார். நான் அதையும் ஏற்றுத் தலையாட்டினேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அன்று தொட்டு நித்திரை சரியில்லை.

நோயில் பார்த்த வைத்தியருக்கும், சோறு சமைத்துத் தந்த அயலவருக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தர்மகர்த்தா ஐயாவுக்கு நன்றியோடு ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். அன்று கோயிலில் நான் உங்களுக்குச் சொன்னது பொய். எனக்குச் சொல்லித் தந்தவர் அக்கா.