ரோமில் வைத்த நேர்த்தி

1996 ஆகஸ்டில், ஹென்டர்சன் புறநகருக்குப் போகும் ரயிலில், ரோம் நகரத் தேவாலயங்களின் படப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எதிரே பென்ரோஸ் பகுதிக் கிடங்கு ஒன்றின் சீருடையில், நெற்றி நிறையத் திருநீற்றுடன் ஒருவர்.

“அண்ணை, ரோமுக்குப் போறீங்களோ?”

“ஆமா, அடுத்த மாசம்.”

“இஞ்ச வாறதுக்கு அங்க விசாவுக்குக் காத்திருக்கேக்க ஒரு சேர்ச்சில நேர்த்தி வச்சனான், கிடைச்சால் மெழுகுதிரி ஏத்துறனெண்டு. விசா வந்த அண்டைக்கே பிளேன் ஏறிட்டன். எனக்காக ஏத்துவீங்களோ?”

“எந்த சர்ச்?”

“பேர் தெரியாது. கூரையில ஆக்கள் பறக்கினம். வாசல்ல தலையில்லாத பழைய சிலை.”

பரோக் கூரைகளில் எல்லாம் ஆட்கள் பறப்பார்கள். ரோமில் தலையுள்ள பழைய சிலைகளே குறைவு. அதைச் சொன்னேன்.

“அப்ப எல்லாத்திலயும் ஏத்துங்கோ. ஒண்டெண்டாலும் சரிவரும்” என்று இறங்கிப் போனார்.

பதினான்கு தேவாலயங்களில் ஏற்றினேன். தேதியும் நேரமும் குறிப்பேட்டில் இருக்கின்றன. அவருக்கு விசா வாங்கிக் கொடுத்த சாமி அவற்றில் எதில் இருந்தார் என்பது மட்டும் இல்லை.