எட்வின் மவுன்சி விற்ற மந்தை

எட்வின் மவுன்சிக்கு ஆடு வளர்ப்பதைவிட அரசாங்கத்தைத் திட்டுவதுதான் பிடிக்கும். வட இங்கிலாந்தின் கம்பிரியாவில் அவன் பண்ணையும் என் பண்ணையும் ஒரே மலையில். நடுவே வேலி கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் ஆடுகள் மேயும், இந்தப் பக்கம் என்னுடையவை. எல்லையைக் குட்டிக்குத் தாய் ஆடுதான் கற்றுக்கொடுக்கும். சந்தையில் வாங்கிய ஆட்டுக்கு அது தெரியாது, அதுபாட்டுக்கு நடந்து கார் ரோட்டுக்குப் போய்விடும்.

பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகணும் என்று இந்தப் பள்ளத்தாக்கிலேயே உரக்கக் கத்தியவன் அவன். "பிரஸ்ஸல்ஸ்காரன் என் ஆட்டுக்கு ரெண்டு காதுலயும் கம்மல் மாட்டச் சொல்றான். உன் காதுலகூட ஒண்ணையும் காணோம் ஹில்டா," என்பான். நானும் விலகத்தான் ஓட்டுப் போட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

விலகினோம். ஆட்டுக் காதில் அந்த நம்பர் போட்ட கம்மல் அப்படியே இருந்தது. நிலத்துக்கு வந்த மானியம்தான் வருஷாவருஷம் தேய்ந்தது. பதிலுக்குப் புதுத் திட்டம் ஒன்று: மலையிலிருந்து ஆட்டை இறக்கினால், புதரும் பூவும் வளர விட்டால், அதற்குக் காசு. எட்வினுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாது. என் சமையலறையில் வைத்து நான்தான் படிவத்தை நிரப்பினேன். ஒன்பதாவது கேள்வி, தேவைப்பட்டால் மந்தையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பது.

அவன் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "முடியாதுன்னு போடு. அதுதான நெசம்."

"நெசத்தப் போட்டா கழிச்சுக் கட்டிருவாங்க. நீ பேசாம இரு."

'முடியும்' என்பதை அழுத்தியது என் விரல்தான்.

மந்தை லாரி ஏறியது. மூன்றே வருஷத்தில் அமைச்சர் மாறினார், திட்டத்தை மூடினார்கள். எட்வின் சந்தையில் வேறு ஆடுகள் வாங்கி மலையில் விட்டான். எழுபது வயதில், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஓடையோரம் நின்று அவற்றைத் திருப்பி விரட்டினான். அப்படியும் ஆறு ஆடுகள் ரோட்டில் அடிபட்டுச் செத்தன. உதவி கேட்டுத் திட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தான்.

"திரும்பக் கொண்டுவர முடியும்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?" என்றாள் அங்கே போனை எடுத்த பெண்.

போனை வைத்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மிச்ச ஆடுகளையும் விற்றுவிட்டுப் பென்ரித் டவுனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். டிவியில் அமைச்சர் வந்தால்கூட இப்போது வாயைத் திறப்பதில்லையாம்.

அவன் மந்தை அந்தப் பக்கம் நின்றதால்தான் என்னுடையவை இந்தப் பக்கம் நின்றன என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. திட்டம் நடந்த வருஷங்களில் தாண்டியவற்றை அவனே விரட்டிவிட்டிருக்கிறான்; அவனும் போனதும், ஆளில்லாத புல்லைப் பார்த்து அவை ஓடையைத் தாண்ட ஆரம்பித்தன. போன மாதம் இரண்டு ரோட்டில் கிடந்தன. அந்தச் சமயம் பார்த்து வேறு பெயரில் அதே மாதிரி ஒரு திட்டம் வந்தது, அதிலும் அதே கேள்வி. இந்தத் தடவை முடியாது என்று நிஜத்தை எழுதினேன். எனக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்துவிட்டது.

விற்ற மந்தையை ஏற்றிப்போக வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. திட்டக் காசு வராவிட்டாலும் ஆடுகள் எப்படியும் மலையிலிருந்து இறங்கத்தான் போகின்றன.