கடைசி வரிசையில் தூக்கிய கைகள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் திருப்போரூர் பக்கம் வந்து சம்பூர்ணத்தையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது எக்ஸ்பிரஸ் ரோடு. நடுவில் ஆள் உயரச் சுவர். வீடுகள் இந்தப் பக்கம். பள்ளிக்கூடமும் சுடுகாடும் அந்தப் பக்கம். அந்தச் சுவரை ஏறிக் குதித்த இடத்தில்தான் போன வருஷம் அவள் புருஷன் வரதன் காரில் அடிபட்டுச் செத்தார். அன்றிலிருந்து சம்பூர்ணத்துக்கு ஒரே பிடிவாதம். வேகமாகப் போகிறவர்களுக்கு வேறு பக்கம் புதுப் பாதை வந்துவிட்டது. இனி இது சுவரில்லாத தெருவாக வேண்டும், பிள்ளைகள் நடந்தே கடக்க வேண்டும். இன்னொரு வீட்டில் இழவு விழக் கூடாது. வாசல் வாசலாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். மனை விற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ரோடு போனால் மனைக்கு மவுசு போய்விடும் என்று பாதி ஊரைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டார்கள்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மாலை ஆறே கால். "தெருவா மாத்த சம்மதிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் வந்திருந்த அதிகாரி.

முன்வரிசையில் சம்பூர்ணம் கையைத் தூக்கினாள். நல்ல புழுக்கம். ஆனால் அவள் பிடரி மட்டும் சில்லென்றது. பின்னாலிருந்து வாடிய ரோஜா மாலை வாசனை... மண்டபத்தில் கல்யாணம் நடந்தே பல மாதம் ஆகிறது.

எண்ணிக்கொண்டே வந்த அதிகாரி கடைசி வரிசையில் நின்றார்.

"ஐயா, ஒரு கை போதும். எதுக்கு ரெண்டையும் சேத்துத் தூக்குறீங்க?"

தூக்கிய கைகள் இறங்கவில்லை.

"ஒண்ணை எறக்குங்க..."

சர்ர்ர்... நாற்காலி நகர்ந்தது.

சம்பூர்ணம் திரும்பினாள்.

குனிந்த தலை. புது வேட்டி. ஒட்டிக்கொண்ட இரண்டு கைகள்... வரதனின் கோணலான இடது சுண்டுவிரல்.

அவர்தான்.

கண் இமைத்தாள்... காலி நாற்காலி.

ஒரே ஒரு கை வித்தியாசத்தில் தெரு ஜெயித்தது. வெளியே பட்டாசு வெடித்தார்கள். சம்பூர்ணம் யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்து, வரதனுக்குக் கொள்ளி வைத்த கொழுந்தன் திருவேங்கடத்திடம் மட்டும் சொன்னாள்.

"ரெண்டு கையையும் சேத்தா தூக்கினாரு?" அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா?"

"உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் அண்ணி. சுடுகாட்டுக்கு ஊர்வலமா போக வழியில்ல, அமரர் ஊர்திலதான சுத்திக்கினு போனோம். ரோட்டோரம் வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு டிரைவர் ஒரே பேஜாரு. வூட்ல அண்ணனுக்குக் கைக் கட்டைவெரல் ரெண்டையும் சேத்துக் கட்னோமே... அவசரத்துல அத்த அவுக்க மறந்துட்டேன். அப்டியே கொள்ளி வெச்சிட்டேன்."

சம்பூர்ணம் வெகுநேரம் அழுதாள். பிறகு கேட்டாள்:

"சொவத்த இடிச்சிடுவாங்க, வேங்கடம். அவரு கையில இருக்கற அந்தக் கட்ட இனிமே யாரு அவுக்கறது?"