வலது மணிக்கட்டில் ஒரு அழுத்து

என் வலது மணிக்கட்டின் உட்புறத்தில், நாடி பார்க்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு பெருவிரல் அழுத்துவதை இன்றும் என்னால் உணர முடியும். தழும்பு எதுவும் இல்லை. ஆனால் டாக்டர் அந்த இடத்தைத் தொட்டால்கூட கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். அந்த விரல் என் மாமா மகனுடையது. என்னைவிட ஆறு மாதம் மூத்தவன். நான் மச்சான் என்பேன், அவன் மாப்ள என்பான். சங்கரன்கோவிலில் எங்கள் தெருக் கபடி அணியில் நான் லெஃப்ட் கார்னர், அதாவது இடது மூலையில் நிற்பவன். எனக்கு அடுத்து, என் வலது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவன்.

கபடி பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பதுதான் மூலையில் நிற்பவனின் வேலை. எனக்குப் பிடி நன்றாக வரும். விசைத்தறிக் கூடத்தில் பாவு நூல் சுற்றிய பீம் உருளைகளைத் தூக்கிப் பழகிய கை. எவ்வளவு கனத்த ஆளாக இருந்தாலும் கால் என் கையில் அகப்பட்டுவிட்டால் நடுக்கோட்டைத் தொட முடியாது. மைக்கில் என்னை ‘உடும்பு’ என்றே சொல்வார்கள். ஆனால் வேகக்காரர்களிடம் நான் செத்தேன். அவர்கள் ஒரு காலை நீட்டிக் காட்டுவார்கள். நான் அதன்மேல் விழுவேன். அது வெறும் பாவனை. உடம்பின் பாரம் இறங்குவது அடுத்த காலில். அதற்குள் நான் மண்ணைத் தின்றுகொண்டிருப்பேன், வந்தவன் என் முதுகைத் தட்டிவிட்டுத் தன் பக்கம் போயிருப்பான். கண் பார்ப்பதற்குள் எனக்குக் கை போய்விடும். களத்தில் மட்டுமல்ல, சண்டையிலும் அப்படித்தான்.

மச்சானுக்குப் பிடி கிடையாது, குச்சிக் கை. ஆனால் கண் இருந்தது. எந்தக் கால் பொய், எந்தக் கால் நிஜம் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஒரு நாள் பயிற்சியில் நான் நாலைந்து முறை ஏமாந்த பிறகு, “மாப்ள, நான் அழுத்துத வரைக்கும் அசையாத. காலைப் பாக்காத. என் வெரல மட்டும் கவனி” என்றான். கையை இறுக்கிப் பிடித்திருந்தால் நிற்க வேண்டும். பெருவிரல் அழுத்தினால் பாய வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. அதற்குப் பிறகு எந்த வேகக்காரனும் என்னிடமிருந்து சுலபமாகத் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. சில பிடிகளின்போது என் கண் நிஜமாகவே மூடியிருக்கும். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கோமதியம்மன் கோயிலில் புற்றுமண்ணைக் கையில் வைத்து அவனிடம் சத்தியம் வாங்கினேன். எதிரணிக்குத் தெரிந்தால் வம்பு என்று காரணம் சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு பனவடலிசத்திரத்தில், ஊர்க் கோயில் கொடைவிழாவை ஒட்டி நடந்த போட்டியின் கடைசி ஆட்டம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் சார் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தடுப்பாட்டத்தில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அது எனக்குத்தான் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள், நானும்தான். அந்த அணியில் நின்று பேர் வாங்கினால் விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலைக்கு வழி உண்டு. தறிச் சத்தத்தைவிட்டு வெளியேற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எதிரில் வாசுதேவநல்லூர் அணி. அவர்களிடம் ஒல்லியாக ஒருவன் இருந்தான். பாடி வந்தால் கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வரும். முதல் முறை விரல் அழுத்தியது, பாய்ந்தேன், வெறும் மண். யாருக்கும் தவறு வரும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் முறையும் விரல் முந்திக்கொண்டது. மூன்றாம் முறை கண்ணை நன்றாகத் திறந்தே வைத்திருந்தேன். அவன் கால் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது, எனக்கே தெரிந்தது. ஆனாலும் விரல் அழுத்தியதும் உடம்பு போய்விட்டது. அவன் என் முதுகைத் தொட்டுவிட்டு என்னைத் தாண்டிக் குதித்துப் போனான். கூட்டம் சிரித்தது. நான் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தேன். மச்சான் என் மூலைக்கு நகர்ந்தான். அடுத்த முறையும் அதே ஆள்தான் பாடி வந்தான். மச்சான் முதல் காலை விட்டான், இரண்டாவது கால் ஊன்றியதும் விழுந்து கட்டிக்கொண்டான். மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் சார் கைகாட்டிக் கூப்பிட்டது அவனைத்தான்.

குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன். “ஏன் மச்சான் முந்தி அழுத்துன?” என்றேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்வான், நானும் விட்டுவிடலாம் என்று உள்ளுக்குள் ஆசை. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“தெரிஞ்சுதான் அழுத்துனேன். ரெண்டு வருசமா உடும்பு உடும்புன்னு உன்னயத்தான் மைக்குல சொல்லுதாவ. கண்ணு இவனுதுன்னு ஒரு ஆள்ட்டயாவது சொன்னியால? என்னயும் சொல்ல விடாம சத்தியம் வேற வாங்குன.”

அந்தச் சத்தியம் எதிரணிக்குப் பயந்து வாங்கியதல்ல; பேர் முழுக்க எனக்கே வேண்டும் என்றுதான் வாங்கினேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை அவன் வீட்டில் வைத்துக் கேட்டிருக்கலாம், நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம். என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு நாளில்தான் கேட்க வேண்டுமா? நான் செய்தது சின்னத்தனம். அவன் செய்தது கழுத்தறுப்பு. இரண்டும் ஒன்று என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

மச்சான் மாவட்ட அணிக்குப் போனான், அரசாங்க வேலைக்கும் போனான். நான் தறியோடு இருக்கிறேன். போன மாதம் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்தான், என் மனைவியிடம் நன்றாகப் பேசினான். பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். எனக்கு இப்போது முழங்கால் தேய்மானம், நடை தடுமாறும். ராஜபாளையம் ரோட்டைக் கடக்கும்போது அவன் என் வலது மணிக்கட்டைப் பிடித்தான். அதே இடம். இரண்டு பக்கமும் பார்த்தான். பெருவிரல் ஒருமுறை அழுத்தியது.

நானும் பார்த்தேன். ரோடு காலியாகத்தான் இருந்தது. நான் அசையவில்லை. மறுபடியும் அழுத்தினான். நான் அப்படியே நின்றேன். தூரத்தில் ஒரு பஸ் தென்பட்டது, மெதுவாக வந்தது, எங்களைக் கடந்து போனது.

“முந்தி வண்டி ஒண்ணும் இல்லியே மாப்ள. அப்பவே போயிருக்கலாம்லா” என்றான்.

“தெரியும் மச்சான்” என்றேன். “தெரிஞ்சுதான் நின்னேன்.”

அவன் என் கையை விட்டான். ரோட்டை அவரவர் கண்ணால் பார்த்துக் கடந்தோம்.