நாத்தனார் தலைக்கு ஜவ்வரிசிக் கூழ்

என் தலைமுடி பளபளப்பாக இருப்பதற்குக் காரணம் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுதான். ஷாம்பு போட்டு அலசிய பிறகு தடவுகிற வெள்ளைக் குழம்பு. கண்டிஷனர் என்று அதன்மேல் எழுதியிருக்கும். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு போர்த் தண்ணீர் உப்பு. அதில் குளித்தால் முடி தேங்காய் நாராகிவிடும். அதனால் வாரம் ஒரு பாக்கெட் பிய்ப்பேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மறைத்தேன்.

நைனார்பாளையத்தில் இருக்கும் என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, "இன்னாடி போடுற இதுக்கு?" என்று கேட்டார். கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் வராது. சும்மா சிரித்தேன்.

"வூட்லயே செய்றியா?"

தலையை ஆட்டினேன்.

"தம்பி மலையிலேர்ந்து தழை கிழை கொண்டாறானா?"

வீட்டுக்காரர் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறார். அதற்கும் ஆட்டிவிட்டேன். இரண்டு ஆட்டலில் ஒரு மூலிகை வைத்தியம் பிறந்துவிட்டது. வாயைத் திறந்து நான் பொய் சொல்லவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப்பின் விசேஷ வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் என் பின்னலை முகர்ந்து பார்த்து, "மலைத் தழை வாசனையே தனி" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்கள். உள்ளுக்குள் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வேறு எதற்கும் யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

போன ஆவணியில் ஒரு நாள் காலையில் நாத்தனார் பையும் கையுமாக வந்து நின்றார். அவருடைய ஓரகத்தி மகனுக்கு அன்று சாயந்திரம் சின்னசேலத்தில் கல்யாண வரவேற்பு.

"ஓரகத்தி பார்லருக்குப் போய்க்கினு இருக்கா. நான் உன் மருந்தப் போட்டுக்கினு போய் அவ பக்கத்துல நிக்கணும். செய்யி."

மாட்டிக்கொண்டால் மண்டபத்திலேயே சொல்லிச் சிரிப்பார். இத்தனை நாள் முகர்ந்தவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள்.

அடுப்படி வாசலில் மணை போட்டு உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கொல்லையில் இருந்த செம்பருத்தித் தழையைப் பறித்துக் கசக்கினேன். வடிகஞ்சி ஊற்றினேன். கற்றாழைச் சோற்றை வழித்துப் போட்டேன். எல்லாம் எங்கேயோ காதில் விழுந்தவை.

"இன்னாடி இது, மாட்டுக்குக் காட்டுற கழனியாட்டம் இருக்குது?"

"இன்னும் முடியலீங்க அண்ணி."

பாக்கெட்டில் இருப்பது கெட்டியாக, வெள்ளையாக இருக்கும். எதைப் போட்டால் அப்படி வரும்? சுற்றிலும் மரவள்ளி விளைகிற ஊர்க்காரிக்கு வேறு என்ன தோன்றும்? ஒரு கை ஜவ்வரிசியைப் பொடித்துக் கஞ்சியில் போட்டுக் கிண்டினேன். கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு திரண்டு வந்தது. வடாம் ஊற்றுகிற பதம். கைக்குப் பழகிய பதம் என்பதால் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பதம் எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

உச்சி முதல் நுனி வரை தடவிவிட்டேன். "அரை மணி நேரம் ஊறணும். அப்பறம் அலசிடணும் அண்ணி."

"அலசுறதா? சத்தெல்லாம் சாக்கடைக்குப் போறதுக்கா நான் பஸ் ஏறி வந்தேன்?"

நெருப்புக் கங்கில் சாம்பிராணி போடச் சொல்லி, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலை விரித்துக்கொண்டு வெயிலில் படுத்துவிட்டார். தலை நனைந்தாலே சாம்பிராணி காட்டாமல் எழுந்திருக்க மாட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "ஏண்டி, தலையத் திருப்புனா சத்தம் வருது."

தொட்டுப் பார்த்தேன். மொறுமொறுவென்று இருந்தது. சீப்பு உள்ளே போகவில்லை. அழுத்தியதும் ஒரு துண்டு உடைந்து விழுந்தது. நல்லவேளை, முடி இல்லை, கூழ்தான்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். "இன்னாக்கா, தலையில வடாம் காயப்போட்டுக்கினு கீற?"

"போடா, நீ கொண்டாந்த தழதான்டா!"

"எந்தத் தழை?"

ஓடிப்போய்த் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டேன். முன்னால் சோறு இருந்தால் அவர் எதையும் விசாரிக்க மாட்டார்.

நாத்தனாரைக் குளியலறைக்குள் இழுத்துப் போனேன். குடம் குடமாக வெந்நீர் ஊற்றித் தேய்த்ததில் கூழ் இளகியது, முடி மட்டும் நாராகவே நின்றது. அலமாரியில் துணிக்கு அடியில் இருந்த பாக்கெட்டுகள் அத்தனையையும் ஒரு சொம்பில் பிழிந்து எடுத்துவந்தேன்.

"இது இன்னாது?"

"ரெண்டாம் பால் அண்ணி. மொதப் பால் இறுக்கும். இது இளக்கும்."

வாயால் சொன்ன முதல் பொய். நம்ப முடியாத அளவுக்குச் சரளமாக வந்தது.

சாயந்திரம் மண்டபத்தில் நாத்தனாரின் கூந்தல் விளக்கு வெளிச்சத்தில் வழுக்கிக்கொண்டு கிடந்தது. ஓரகத்தியே வந்து தொட்டுப் பார்த்தார். உடனே நாத்தனார் என் கையைப் பிடித்துப் பெண்கள் நடுவே இழுத்துவிட்டார்.

"இவதான் செஞ்சா. செம்பருத்தி, கஞ்சி, கத்தாழை, ஒரு கை ஜவ்வரிசி. எழுதிக்கோங்க."

இரண்டு பேர் போனில் எழுதவே ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் எத்தனை தலை சடசடக்கும்! மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை என்று, அத்தனை கண்களும் பார்க்க, வாயைத் திறந்தேன்.

"அது வேணாங்க. ஜவ்வரிசி போட்டா தலை இறுகிக்கும். நான் போடுறது கடையில விக்கிற பாக்கெட்டுதாங்க."

ஓரகத்தி கையைத் தட்டிச் சிரித்தார்.

"சொல்லிக்குடுக்க மனசு வருதா பாரு! பாக்கெட்டாம்!"

"ஜவ்வரிசி வேணாங்குறா, அப்ப அதுலதான் விசயமே கீது" என்றார் போனில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண். "ரெண்டு கைன்னு போட்டுக்கறேன்."

நாத்தனார் என் இடுப்பில் கிள்ளி, காதோரம் குனிந்தார். "கெட்டிக்காரிடி நீ. இவளுங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

"அய்யோ அண்ணி, நெசமாவே பாக்கெட்டுதான்" என்று மறுபடி ஆரம்பித்தேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.